பின்னால் வந்த பிரம்பு

எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். பள்ளிக்கூடத்தில் பேசியது, ரோடு போடும் வேலையில் கூட்டாளிகளிடம் பேசியது, கடைசியில் பந்துத் திடலில் நடுவர் மூக்கில் பேசியது. அன்றோடு எங்கள் காஜா பெராங் வட்டாரத்துப் பந்துக் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். "நீ பேசாம ஓடப் போ. அதுலதான் அடிக்க ஆள் கிடையாது" என்றார் குழுத் தலைவர். கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வரும் பங்குனியில் கடற்கரைத் திடலில் தொடங்கி, அலோர் காஜா சாலையில் பதிமூன்றாம் கட்டையைத் தொட்டுத் திரும்பும் நெடுந்தூர ஓட்டம் ஒன்று நடக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. மைல் கல்லைத்தான் நாங்கள் கட்டை என்போம். ஆக இருபத்தாறு மைல். ஓடிக் காட்டுகிறேன் பார் என்று அங்கேயே சபதம் போட்டேன்.

வெள்ளைக்காரன் மலாய் நாட்டை விட்டு மூட்டை கட்டப்போகிறான் என்று காப்பிக்கடைக்குக் காப்பிக்கடை பேசிக்கொண்டிருந்த காலம் அது. காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்டிருந்த ஊரடங்கை எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். விடியுமுன் சாலையில் ஒருவன் ஓடினால் சுடமாட்டார்கள் என்ற தைரியம் வந்திருந்தது. பனியா, குளிரா, நமக்கு ஏது? ஐப்பசியில் பிடித்தால் தை வரைக்கும் மழை, அவ்வளவுதான். அந்த மழையில்தான் பழகத் தொடங்கினேன்.

பழக ஆரம்பித்து மூன்றாவது வாரம், செங் கிராமம் வரை ஓடிவிட்டு, நனைந்த கோழியாக வீடு வந்தேன். எனக்கென்று வைத்திருந்த வாத்து முட்டையைக் காணோம். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது, காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். "பிள்ளைக்கு நாக்கெல்லாம் கசக்குதாம். அவிச்சுக் குடுத்திட்டேன். நாளைக்கு வேற வாங்கிக்கலாம்ங்க" என்றாள் என் மனைவி. சொல்லி முடிக்கவில்லை, விட்டேன் ஒன்று. இடது கன்னம் என்றுதான் நினைத்தேன். தண்ணீர்த் தொட்டியில் மோதி உட்கார்ந்தாள். அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். ஒரு முட்டைக்காக! எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் திரும்பியபோது அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை.

எங்கே போயிருப்பாள், பத்து பெரெண்டாம் கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குத்தான். மறுநாளே போனேன். வாசலில் அவள் தம்பி நின்றான். விமானத் திடலில் புல் வெட்டுகிறவன், இருபத்திரண்டு வயது, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதுவரை என் முன்னால் சத்தமாகத் தும்மிக்கூட இருக்கமாட்டான்.

"அக்கா வரமாட்டாங்க மாமா."

"நீ யாருடா அதைச் சொல்ல? கூப்பிடு அவளை."

அவன் அசையவில்லை. என்னையும் ஒரு நல்ல குணம் தொட்டதாக நினைத்துக்கொண்டு நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்: "நான் அடிச்சதுதானே மாப்ளே உனக்குக் கோபம்? நீ என்னை அடிச்சுக்க. ஒண்ணுக்கு ரெண்டா அடி. அதோட விடு."

அவன் சுவரோரம் நின்ற சைக்கிளைக் காட்டினான். "ஒருநாள் அடிச்சா உங்களுக்கு உறைக்காது மாமா. நீங்க தினம் ஓடுறீங்கல்ல? நான் பின்னால சைக்கிள்ல வர்றேன். கால் சோர்ந்தா கால்ல பிரம்பால போடுவேன். ஓட்டப் பந்தயம் வரைக்கும். நடுவுல ஒரே ஒரு தடவை என் மேல கை ஓங்கினீங்க, அக்காவை மறந்துடணும். ஓங்காம இருந்தீங்கன்னா, பந்தயத்தன்னிக்கு அவங்களைத் திடலுக்குக் கூட்டியாறேன். அங்கேருந்தே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

உள்ளே அவள் இருந்தாள். வெளியே வரவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு மழையில் சைக்கிள் மணி அடித்தது. ஒரு மைல் வரை ஒன்றுமில்லை. சும்மா மிரட்டியிருக்கிறான், பாவம் சின்னப்பையன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் மெதுவாக ஓடியிருப்பேன் போல. கெண்டைக்காலில் தீ வைத்த மாதிரி விழுந்தது.

"காலைத் தூக்குங்க மாமா."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மரியாதை குறையாமல் அடிப்பான். 'வாங்க, போங்க'வில் ஒரு எழுத்து தேயாது. "ஏத்தம் வருது, பாத்துப் போங்க மாமா" என்பான், சுளீர். "அந்தப் பக்கம் பள்ளம் மாமா", சுளீர். வீட்டுக்கு வந்து கால்சட்டையைக் கழற்றினால் இரண்டு காலிலும் வரிவரியாகத் தடித்திருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். பிறகு வேலைக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்துக் கல் உடைப்பேன். ஒவ்வொரு கல்லும் அவன் மண்டைதான். அந்த மழைக்காலத்தில் என்னளவுக்குக் கல் உடைத்தவன் எங்கள் கூட்டத்தில் கிடையாது. "பேய் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் கேட்டார்.

மார்கழியில் ஒருநாள் செங் பசாரைத் தாண்டும்போது அந்தக் கூத்து நடந்தது. முன்னால் ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான், பின்னால் ஒருவன் பிரம்போடு துரத்துகிறான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "பெஞ்சூரி! பெஞ்சூரி!" என்று யாரோ கத்த, காய்கறி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு என்மேல் பாய்ந்தார்கள். திருடன் என்று முடிவு செய்துவிட்டால் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமெல்லாம் ஏது? முதுகில் கூடை தூக்கும் காவுகட்டை, முகத்தில் முஷ்டி, விலாவில் யாருடைய காலோ. வாயெல்லாம் ரத்தம். என் கை இரண்டு தடவை மடங்கியது. மடங்கியதை விரித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு குந்திவிட்டேன். அந்தக் கூட்டத்தில் எந்தத் தலை மைத்துனன் தலை என்று தெரியவில்லை. தெரியாமல் அவன்மேல் பட்டுவிட்டால் எல்லாம் போச்சே!

அவன் சைக்கிளை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு ஒரு வருஷம் போலிருந்தது. அப்புறம்தான் வாயைத் திறந்தான். "புக்கான் பெஞ்சூரி! இனி அபாங் ஈப்பார் சாயா!" திருடன் இல்லை, என் அக்கா புருஷன் என்றான். அடி நின்றது. அப்படியானால் ஏனப்பா அடிக்கிறாய் என்று கேட்டாள் கீரை விற்கிற சீனத்தி ஒருத்தி. அக்காவை அடித்தார், அதனால் அடிக்கிறேன் என்று மலாயில் விளக்கினான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஈரக் கீரைக் கட்டாலேயே என் வாயில் ஒன்று போட்டாள். பசாரே சிரித்தது.

"எழுந்திரிங்க மாமா. இன்னும் நாலு மைல் இருக்கு."

தை மாதம் அவன் எல்லை மீறினான். எதற்கென்று தெரியாது, அவனுக்கு விமானத் திடலில் யாரோடோ தகராறு போலிருக்கிறது. கால் என்பதுதான் பேச்சு, அன்று பிரம்பு கழுத்தில் விழுந்தது. திரும்பிப் பிரம்பைப் பிடித்துவிட்டேன். சைக்கிள் சாய்ந்தது, அவன் ஒற்றைக்காலை ஊன்றி நின்றான். மழைத்தண்ணீர் இரண்டு பேர் முகத்திலும் வழிகிறது. அவன் தொண்டையில் ஒரு நரம்பு துடிப்பதைப் பார்த்தேன். ஒரு கையால் நெரிக்கலாம். அவ்வளவு ஒல்லி. செத்தான் இன்றைக்கு என்றே நினைத்தேன்.

"விடுங்க மாமா" என்றான். அவனுக்கும் பயம்.

மகள் தின்ற அந்த முட்டை நினைவுக்கு வந்தது. விட்டேன். முன்னால் திரும்பி ஓடினேன். அன்றைக்கு அதற்குப் பிறகு அவன் அடிக்கவில்லை. ஆனால் சொன்னால் சிரிப்பீர்கள், அடி விழாமல் என் கால் ஓடவே இல்லை. நானே திரும்பி, "என்ன மாப்ளே, தூங்கிட்டியா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

பங்குனி வந்தது. கடற்கரைத் திடலில் நாற்பது ஐம்பது பேர் நின்றோம். பட்டாளத்துக்காரர்கள் சப்பாத்து போட்டிருந்தார்கள், நானும் இன்னும் சிலரும் வெறுங்காலோடு. என் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்றார். மைத்துனன் பிரம்பைச் சைக்கிளின் பின் கேரியரில் கட்டி வைத்திருந்தான். அன்று ஓட்டம் முடியும்வரை அதை எடுக்கவில்லை. போகும்போது வெயில், திரும்பும்போது அதைவிட வெயில். இருபதாம் மைலில் பாதத்துத் தோல் உரிந்து தாரோடு ஒட்டியது. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? நான்கு மாதம் பிரம்படி பட்டவன். திடலில் என் மனைவி நிற்கிறாள், அடிக்கு அடி வாங்கிவிட்டேன், அவன்மேல் ஒரு தடவைகூடக் கை ஓங்கவில்லை. இன்று அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அதையே சொல்லிக்கொண்டு ஓடினேன். ஒன்பதாவதாக வந்தேன். காஜா பெராங் ஆட்கள் தோளில் தட்டினார்கள், அந்தக் குழுத் தலைவரும்கூட.

அங்சானா மரத்தடியில் அவள் நின்றாள். வலது இடுப்பில் பிள்ளை. முகம் கடல் பக்கம். நான் அவளுக்கு இடது பக்கமாகப் போனேன்.

"இந்தா, வந்துட்டேன்."

திரும்பவில்லை.

"இந்தா, உன்னைத்தான்."

திரும்பவில்லை. என் பின்னால் பத்துப் பேர் நின்று பார்க்கிறார்கள். ஒருவன் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"ஏய்! எம்புட்டுத் திமிர் இருந்தா..."

கை எழும்பிவிட்டது. என் கை. நான்கு மாதம் மடக்கி மடக்கி வைத்திருந்த அதே கை, தலைக்கு மேலே நிற்கிறது. பிள்ளை என்னைப் பார்த்துவிட்டாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. குட்டிக் கையால் அம்மாவின் தாடையைப் பிடித்து மெதுவாக என் பக்கம் திருப்பினாள். நெடுநாள் பழக்கம் போலச் செய்தாள். அம்மாவிடம் ஏதாவது காட்டவேண்டுமென்றால் அப்படித்தான் காட்டுவாள் என்று பிறகு தெரிந்தது.

என் மனைவி திரும்பினாள். ஓங்கிய கையைப் பார்த்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டு பிள்ளையை அந்தப் பக்கம் மறைத்தாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பி எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். "அக்கா, மாமா இவ்வளவு நேரமா கூப்பிட்டாங்களே, உனக்குக் கேக்கலையா?" என்றான்.

"அந்தக் காது கேக்காதுடா."

"எப்போலேருந்து?"

"முட்டை அன்னிக்கிலேருந்து. சொன்னா நீ இவரைக் கொன்னுபோடுவேன்னுதான் சொல்லல. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும்."

அவன் கேரியரிலிருந்து பிரம்பை உருவினான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் முதுகைக் காட்டி நின்றேன். "அடி மாப்ளே. எங்க வேணா அடி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன், அது சத்தியம்.

அவள் அவன் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கினாள். "போதும்டா. நாலு மாசமா அடிச்சே, அது இவருக்குப் பழகிப்போச்சு. எனக்குக் காது வந்துச்சா? வா, வீட்டுக்குப் போவோம்."

பிள்ளையை முன்னால் பாரில் உட்காரவைத்தான். அவள் பின்னால் கேரியரில், காலை இடது பக்கம் போட்டு, பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சைக்கிள் போயிற்று. நான் நின்றேன். அப்புறம் ஓடினேன்.

பத்து பெரெண்டாமுக்கு ஐந்து மைல். பாதம் இரண்டும் பிய்ந்திருக்கிறது. பின்னாலிருந்து கூப்பிட்டேன், கத்தினேன். அவள் உட்கார்ந்திருந்த வாக்கில் நல்ல காது சைக்கிளின் முன்பக்கம் இருந்தது, செவிட்டுக் காதுதான் என் பக்கம். அவளுக்குக் கேட்கவேண்டுமென்றால் நான் சைக்கிளை முந்தவேண்டும். பாதி வழியில் இருக்கும் பாச்சாங் வரை முந்த முடியவில்லை. தம்பிக்கு என் சத்தம் கேட்டிருக்கும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்தான்.

"காலைத் தூக்குங்க மாமா" என்றான். அழுதுகொண்டு சொன்னான்.

எப்படி முந்தினேனோ. ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் வந்து, அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். சொல்வதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். வந்தது இதுதான்: "எனக்குத் தெரியாதும்மா. காதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சிருந்தா இன்னிக்குக் கை ஓங்கியிருக்கமாட்டீங்களா?"

சைக்கிளோடு ஓடிய கால் நின்றுவிட்டது. சாலையோரம் உட்கார்ந்து, சைக்கிள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில், சுதந்திரம் வந்து திடலில் கொடி மாறிய வாரம், யாரும் கூப்பிடாமல் அவளே வந்தாள். மகள் என்னைப் பார்த்ததும் அம்மாவின் வலது பக்கமாகப் போய் நின்றாள். என் மனைவி துணிமூட்டையை இறக்கிவைத்தாள், அடுப்படியில் சுவரில் ஆணி ஒன்று அடித்தாள், அந்தப் பிரம்பை அதில் மாட்டினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் கையே ஓங்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை ஓங்கினேன். இரண்டு தடவையும் அவள் ஓடவில்லை, குனியவில்லை, ஆணியைத்தான் பார்த்தாள். நான் வெளியே போய், செங் வரைக்கும் ஓடிவிட்டு வந்தேன்.