தர்ஷியின் குரலுக்கு மூன்று பிரதி

நோர்வேயில் வெள்ளிக்கிழமை பின்னேரம் கணினியை மூடப் போனால், எங்கள் குழுத் தலைவி இங்ரிட் வந்து மூன்றாவது பிரதி எங்கே என்று விசாரிப்பார். நாங்கள் எழுதும் மென்பொருளின் மூலக் கோப்புகள் ஒன்று இங்கே, ஒன்று பக்கத்து ஊரில், மற்றது மலைக்கு அப்பாலுள்ள ஊரில் இருக்கவேண்டும். வீட்டுக் கதவைப் பூட்டாமல் கடைக்குப் போகிற சனம், கோப்புக்கு மட்டும் இவ்வளவு பயப்படுகிறதே என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊரில் நாங்களும் பிரதி வைத்தவர்கள்தான். நான் இலங்கையின் கிழக்கே, முஸ்லிம்கள் வாழும் மருதமுனை. எங்கள் வழக்கப்படி என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் கூட்டாளி சுகந்தன் பக்கத்துப் பெரியநீலாவணையில் தமிழ் மீன்பிடிக் குடும்பம். கண் தெரியாதவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை இருவரும் எழுதினோம். குரல் அவனுடைய தங்கச்சி தர்ஷியுடையது. க, கா, கி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவைத்துப் பதிந்தோம். நடுவில் மீன்காரரின் கூவல் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படியே போனால் தனக்குக் கதைக்கவே வராது என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

பிரதிகளை வைக்க நாங்கள் போட்ட கணக்கு வேறு. தமிழ்-முஸ்லிம் கலவரம் வந்தால் அவன் வீடு எரியும், அல்லது என் வீடு எரியும். இரண்டும் ஒரே நாளில் எரியாது. ஆகவே ஒன்று தமிழ் வீட்டில், ஒன்று முஸ்லிம் வீட்டில். கெட்டிக்காரத்தனம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். மனிதருக்கு மட்டுமே பயந்து பழகியிருந்ததால், இரண்டு வீடும் கடற்கரையில் இருப்பது எவருக்கும் உறைக்கவில்லை. சுனாமி வந்த காலையில் இரண்டும் போயின. தர்ஷியும் போனாள். பிறகு சுகந்தன் கணினியை விட்டுவிட்டு மீன்பிடிக்க அப்பாவின் தோணியில் ஏறினான். நான் விமானம் ஏறினேன்.

இரண்டையும் ஏன் ஒரே கரையில் வைத்தீர்கள் என்று இங்ரிட் ஒருமுறை கேட்டார். தீக்குப் பயந்து என்றேன். பழைய மின்கம்பிகள் ஆபத்தானவைதான் என்று அனுதாபத்தோடு தலையாட்டினார்.

போர் முடிந்தபின், கிளிநொச்சியில் இருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் சுகந்தனைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் கதைத்தார். சுனாமிக்கு முன்பு, மென்பொருளைப் பரீட்சித்துப் பார்க்க அவருக்கு ஒரு சீடி கொடுத்திருந்தோம். மூலக் கோப்புகள் இல்லாத சீடி என்பதால் அதை நாங்கள் ஒரு பிரதியாகவே நினைக்கவில்லை. அவரோ இடம்பெயர்ந்த இடமெல்லாம் அடையாள அட்டையோடு அதையும் காவித் திரிந்திருக்கிறார். போர்நிறுத்தத்தால் அவருடைய ஊருக்குப் பாதை திறந்திருந்த காலத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மகளின் குரலை ஒருதரம் கேட்டால் போதும் என்று ஏங்கிய தர்ஷியின் அம்மா அப்போது உயிரோடு இருந்தார்.

சீடி என்னிடம் வந்தது. கீறல் விழுந்து சில எழுத்துகள் அழிந்திருந்தன. மிச்சத்தைப் பிரித்தெடுத்து, ஒழுங்காகப் பெயரிட்டு, இந்த நாட்டு முறைப்படி மூன்று ஊர்களில் சேமித்தேன். பிறகு, அவனுக்கும் ஒன்று அனுப்பட்டுமா என்று சுகந்தனைக் கேட்டேன்.

"வேணாம் காக்கா. அம்மா இருந்திருந்தா ஓம் எண்டிருப்பன். அவள்ற குரலக் கேட்டா, புறகு எனக்குக் கடலுக்குப் போக ஏலாது. அது அங்கயே கிடக்கட்டும்."

கல்முனைச் சந்தைக்கு அப்பால் தனியே போயிராதவள், பனி கொட்டும் இந்த நாட்டில் மூன்று ஊர்களில் இருக்கிறாள். அவளுடைய ஊரில் ஒரு பிரதிகூட இல்லை.