அப்பாவின் கையெழுத்துக்கான இடம்

"பள்ளிக்கூடம் போனனி எண்டா சட்டமும் தெரியுமோ? ஒரு லோயரைப் பிடி, பிள்ளை!"

போன மாரியில், சித்தியின் கணவர் தொலைபேசியில் இப்படிச் சொல்லிச் சிரித்தார். நான் லண்டனில், எங்கள் குசினி மேசையில், அம்மாவின் அற்றோணித் தத்துவத்தை நானே தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு சுட்டது.

விஷயம் இதுதான். எங்கள் ஊரான புளியங்கூடலில் அம்மாவின் சீதனக் காணியில் சித்தி தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார். காணி அவர் பெயரில் இருந்தால்தான் அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைக்கும். அம்மாவால் பயணம் செய்ய முடியாது. அவருக்காக ஊரில் கையெழுத்து வைக்கும் உரிமையைச் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்தான் அந்த அற்றோணித் தத்துவம்.

நான் எழுதி அனுப்பியதைப் படித்த, ஊரில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு பிழை எதுவும் சொல்லவில்லை. "புருசன்ரை சம்மதம் எங்கை?" என்று மட்டும் கேட்டார். எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில், மனைவி தன் சீதனக் காணியைக் கொடுப்பதற்கும் கணவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்வருவதாகச் சொல்லிப் புறப்பட்டவர் அப்பா. திரும்பி வரவில்லை.

"மரணச் சான்றிதழ் எடுத்து, விதவை எண்டு போட்டா வேலை சுகமாய் முடியும்," என்றார் நொத்தாரிசு. அப்படியே திருத்தி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அவரின் கை நின்றது.

"ஆர் விதவை?"

"இது வெறும் பேப்பர்தானேம்மா."

"பேப்பரிலை அவரைச் சாக்காட்டிப்போட்டு, நாளைக்கு அவர் வந்து நிண்டா நான் எப்பிடி முகத்திலை முழிக்கிறது?"

சித்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அக்காவை அழ வைக்காதை. கொட்டில் எனக்குப் பழகிட்டுது," என்றார். தகரத்தில் மழை அறையும் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

விதவை என்ற சொல்லை அழித்தேன். பிறகு சட்டத்தை முதலிலிருந்து வாசித்தேன். கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அவரின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம் என்று அதில் இருந்தது.

"இருக்கிற இடம் தெரியாது எண்டு எழுதட்டோ, அம்மா?"

"ஓம். அது உண்மைதானே," என்றார். இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்தார்.

நீதிமன்றம் என்ன சொல்லும் என்று தெரியாது. முகமே நினைவில்லாத அப்பாவைப் பற்றி என் படிப்பு என்னை எழுத வைத்த ஒரே வசனம், 'இருக்கும் இடம் தெரியாது' என்பதுதான். போன வாரம் அந்தப் பத்திரத்தைப் பதிவுத் தபாலில் ஊருக்கு அனுப்பிவிட்டேன்.