பம்பை நிறுத்தச் சொன்னவள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து மூன்றாம் நாள் காலை, ஷஃபீனா கற்பிட்டியில், கடலோடு சேரும் உப்பேரியான களப்பின் ஓரத்தில், தங்கள் இறால் குளத்தின் கரையில் நின்றாள். மருத்துவப் பீடத்துக்கு அவளுடைய புள்ளிகள் போதவில்லை. இன்னொரு தடவை எழுதும்படி வாப்பா நளீர் முதல் நாள்தான் சொல்லியிருந்தார்.

இறால்கள் ஓரத்துக்கு வந்து சோர்ந்து நீந்தின. காகங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஓர் இறாலைப் பிடித்து, தலை ஓட்டை உரித்து வெயிலுக்குக் காட்டினாள். ஓடெங்கும் வெள்ளைப் புள்ளிகள்.

"வாப்பா, இது வெள்ளைப்புள்ளி நோய்."

நளீர் பத்து வயதில், போரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். பன்னிரண்டு வருடம் கட்டாரில் உழைத்து வெட்டிய குளம் அது. இறாலை ஒரு தரம் பார்த்தார். மதகை நோக்கி நடந்தார். தண்ணீரைக் களப்புக்குத் திறந்துவிட்டால் மதகு வாயில் வலை கட்டி, மிஞ்சிய இறாலை அள்ளிவிடலாம். சின்ன இறால்தான், ஆனாலும் இன்றே விற்றுவிடலாம்.

"தொறக்காதீங்க வாப்பா! இந்தத் தண்ணி களப்புல கலந்தா நண்டுக்கும் நோய் போகும். களப்புத் தீவுப் பக்கம் கண்டல் மரங்களுக்குள்ளதான் நண்டுக்குஞ்செல்லாம் வளருது."

"அப்ப நான் பாத்துக்கிட்டு இரிக்கவா?"

"மதகை அடைச்சு, குளோரின் போட்டு வைக்கோணும்."

"போட்டா ஒண்டும் மிஞ்சாது. ஒருதரம் எல்லாத்தையும் உட்டுட்டு வந்தவன் நான்."

அவர் மதகு வாயில் வலையைக் கட்டி, முதல் அடைப்புப் பலகையைக் கிளப்பினார். கலங்கிய தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அவள் அவருடைய கையைப் பிடித்தாள். அவர் உதறினார். அப்படி அவர் அவளை உதறியது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அடுத்த பண்ணையிலிருந்து பம்புச் சத்தம் அவள் காதில் விழுந்தது. அதன் சொந்தக்காரர் யோசேப்பு இதே களப்பிலிருந்து தன் குளங்களுக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஷஃபீனா வரம்பு வழியே ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் புதைந்தது. எடுக்க நிற்கவில்லை.

"அங்கிள், பம்பை நிப்பாட்டுங்க!"

"என்ன பிள்ளை, ஏன் இப்பிடி ஓடி வாறாய்?"

சொன்னால் வாப்பாவைக் காட்டிக்கொடுப்பதாகும். பம்பு இழுத்துக்கொண்டே இருந்தது.

"எங்கட குளத்துல நோய். வாப்பா தண்ணியத் தொறந்துட்டார்."

யோசேப்பு ஓடிப்போய் பம்பை நிறுத்தினார். பிறகு போனை எடுத்தார். "அதிகாரிமாருக்கு நான் சொல்லத்தான் வேணும். விளங்குதுதானே?"

"ஓம்."

அவள் திரும்பி வந்தபோது பாதிக் குளம் வடிந்திருந்தது.

"யாருட்ட சொன்ன?" என்றார் நளீர்.

"யோசேப்பு அங்கிள்ட்ட. அதிகாரிமார் வாறாங்க வாப்பா."

அவர் வரம்பில் குந்தினார். மதகைத் தொடவில்லை. ஷஃபீனாவே பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். விரல் நசுங்கி இரத்தம் வந்தது.

யோசேப்பின் குளங்கள் தப்பின. தெற்கே இரண்டு பண்ணைகள் தப்பவில்லை. ஒரு கிழமை கழித்துத் தீவோரம் செத்த நண்டுகள் ஒதுங்கின. அவை தங்கள் தண்ணீரால்தான் செத்தனவா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் படிக்க வேண்டும் என்று அவள் முடிவெடுத்தது அப்போதுதான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நீருயிரின வளர்ப்பை முதலாவதாகப் போட்டாள்.

நளீர் மாதக்கணக்கில் அவளோடு பேசவில்லை. அனுமதி கிடைத்த அன்றுதான் வாய் திறந்தார்.

"படிச்சு வந்து எங்கட குளத்த மூடச் சொல்லுவியா?"

"தேவைப்பட்டா சொல்லுவன் வாப்பா."



இப்போது அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். பண்ணைத் தண்ணீர் தீவுகளின் கண்டலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. மாதிரி எடுக்கும் பண்ணைகளில் வாப்பாவினதும் ஒன்று. போன கிழமை அவரே போத்தலை நிரப்பிக் கொடுத்தார்.

"நோய் இரிந்தா முதல்ல யாருக்குச் சொல்லுவ?"

"பக்கத்துப் பண்ணைகளுக்கு."

"அப்ப எனக்கு?"

"அதே நேரத்துலதான் வாப்பா."

அந்தப் போத்தல் தண்ணீரின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.