சட்டைப்பையில் இருந்த சாவி

எழுபதுகளில், வல்லக்கோட்டைத் திருவிழா முடிந்த வாரம் காலரா பரவியது. வார்டுக்குள் போக நர்சுகள் தயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுகாதார அதிகாரியான நான் ஊக்கம் கொடுக்கிறேன் பேர்வழி என்று கிளம்பினேன். வார்டு வாசலைத் தாண்டவில்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "நீங்கள்தான் நடமாடும் தெய்வங்கள்" என்று அரைமணி நேரம் முழங்கினேன்.

என் வீட்டுப் பின்பக்க அறையில் குடியிருந்த நர்ஸ் ஸ்டெல்லா, கையில் வாந்தி வாளியோடு நின்றாள்.

"தெய்வம்லாம் இருக்கட்டும் சார். நேத்து டூட்டி முடிஞ்சி வந்தா உங்க வூட்ல என் ரூமுக்கு வேற பூட்டு தொங்குது. நான் எங்க சார் போயி குளிக்கிறது, எங்க படுக்கிறது?"

மற்ற நர்சுகள் என்னையே பார்த்தார்கள்.

"வீட்டில் பெண்கள் பயப்படுகிறார்கள் அம்மா" என்று மனைவி மேல் பழியைப் போட்டேன். பூட்டியவன் நான். சாவி அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை.

உள்ளே யாரோ தண்ணீர் கேட்டு முனகினார்கள். ஸ்டெல்லா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

என் பேச்சால்தான் நர்சுகள் வேலைக்குத் திரும்பினார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. இன்றும் அதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், என்னை நானே நல்லவன் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காக.