ஃபிக்ஸ் பண்ணியாச்சு

காற்று பெரியதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் முடிச்சூரில் கட்டிக்கொண்டிருந்த குடோனின் இரும்புச் சட்டங்கள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன. மேலிருந்த ஃபிட்டரின் இடது கால் பீமுக்கு அடியில். ஆறு பேர் கடப்பாறையால் நெம்பி அவரை இழுத்தோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. என் துப்பட்டாவைத் தொடையில் இறுக்கிக் கட்டி ஆட்டோவில் ஏற்றினோம்.

அந்த டிசைன் என்னுடையது. தாம்பரத்தில் ஒரு சின்ன இன்ஜினியரிங் ஆபீசில் எனக்கு அது இரண்டாவது வருடம். தூண்களின் அடியைக் கீல் மாதிரி விட்டிருந்தேன். பாரம் தாங்கும், சாய்வதைத் தடுக்காது. தடுக்க வேண்டியது பீமும் தூணும் சேரும் மேல் மூலை. அங்கே எட்டு போல்ட். மூலை இறுகினால் பீமின் வளைவில் ஒரு பங்கைத் தூண் வாங்கிக்கொள்ளும், பீமை மெல்லியதாகப் போடலாம். போட்டிருந்தேன். மூலையும் கீலாகிவிட்டால் எல்லாம் ஆணி கழன்ற கட்டில்தான்.

முந்தின நாள் மேஸ்திரிக்குப் போன் செய்து பீமை ஃபிக்ஸ் பண்ணியாச்சா என்று கேட்டேன். பண்ணியாச்சு என்றார். அப்படியானால் சட்டங்கள் சாயாமல் இழுத்துக் கட்டிய கயிறுகளை அவிழ்த்துவிடலாம் என்றேன். நான் படித்ததில் ஃபிக்ஸ் என்றால் எட்டு போல்ட்டும் முடுக்கி, மூலை அசையாமல் இருப்பது. அவருக்கு, ரெண்டு போல்ட் போட்டு நிறுத்தினாலே ஃபிக்ஸ். மிச்சம் ஆறு, கூரை ஷீட் ஏறிய பிறகு.

ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் ஃபிட்டரின் தம்பி ஸ்பேனரால் மேஸ்திரியின் வாயில் அடித்தான். விழுந்தவரை இன்னும் மூன்று பேர் உதைத்தார்கள். கயிறை ஏன்டா அவுத்த என்று கேட்டுக் கேட்டு உதைத்தார்கள். வாயில் ரத்தத்தோடு அவர் என்னைப் பார்த்தாரே தவிர, என் பேரைச் சொல்லவில்லை.

குடோன் முதலாளி, இரும்பு வியாபாரி, மெதுவாகச் சொன்னார்: "கார்ல ஏறும்மா. இது அவங்களுக்குள்ள."

என் கையில் வரைபடம் இருந்தது. எட்டு என்று அதில் போட்டிருந்தது. காட்டினால் நான் தப்பிப்பேன். மேஸ்திரியை அங்கேயே கொன்றுவிடுவார்கள். மடித்துப் பையில் வைத்துவிட்டு நடுவில் போய் நின்றேன்.

"கயிற்றை அவிழ்க்கச் சொன்னது நான்."

தம்பி என் கன்னத்தில் அறைந்தான். காது அடைத்துப் போனது. ஸ்பேனர் இன்னும் அவன் மற்றக் கையில் இருந்தது. அதற்குள் முதலாளியின் ஆட்கள் மேஸ்திரியை ஆபீஸ் அறைக்குள் இழுத்துப் பூட்டினார்கள்.

"படிச்சவ தானே நீ? எத்தினி போல்ட்டுனு ஒரு வார்த்த கேட்டியா?" என்றான். அழுதுகொண்டிருந்தான்.

ஃபிட்டரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து பீர்க்கன்கரணையில் வேறு ஒரு ஷெட், அதே மேஸ்திரி. போனில் கேட்டேன்: "மூலைக்கு எத்தனை போல்ட் போட்டிருக்கீங்க அண்ணா?"

"எட்டு," என்றார். முன்பல் இல்லாமல் காற்றோடு வந்தது அந்தச் சொல். "நம்பாத. நீயே வந்து எண்ணிக்க."

போனேன். ஏணியில் ஏறி எண்ணினேன். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.