வீடு பிடிச்சிருக்கு, சார்தான் கொஞ்சம்...

வீட்டு புரோக்கர் பஞ்சுவுக்கு அந்தப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது அவர் வாய்தான். எந்தக் கசப்பான சேதியையும் பஞ்சில் பொதிந்துதான் கொடுப்பார். வீடு பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாலும், விற்பவருக்குப் போன் போட்டு, "ரொம்பப் பிடிச்சிருக்காம், யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்பார். அந்த யோசனை ஒருநாளும் முடிந்ததில்லை.

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரின் வீடு விற்பனைக்காகப் பஞ்சு கைக்கு வந்தது. காற்றும் வெளிச்சமுமாக நல்ல வீடு. வயரிங் முழுக்க வீட்டுக்காரரே செய்தது. வினையும் அதுதான். வருகிறவர்களை வாசலிலேயே பிடித்துக்கொள்வார். அறைக்கு அறை சுவிட்சைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டு, எந்த வயர் எந்தச் சுவருக்குள் எப்படி வளைந்து போகிறது என்று விரலால் கோடு இழுத்துக் காட்டுவார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் படுக்கையறையைப் பார்க்காமலே திரும்பிவிட்டாள். தெருவுக்கு வந்ததும் பஞ்சுவிடம், "வீடு நல்லாத்தான் இருக்கு. அந்த சார் வீட்டோடவே வருவாரா?" என்று கேட்டாள்.

பஞ்சு அன்றும், "யோசிக்கிறாங்க சார்" என்றுதான் சொன்னார்.

வீட்டுக்காரர் தானாகவே குறை தேட ஆரம்பித்தார். கூடத்துக்கு வெள்ளை அடித்தார். ஆள் சிக்கவில்லை என்றதும் பச்சை அடித்தார். பிறகு வெளிச்சம்தான் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு வரிசை விளக்கு மாட்டினார். காட்டுவதற்கு மேலும் சில சுவிட்சுகள் சேர்ந்தன.

அவர் மனைவி ஒருநாள் பஞ்சுவைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "தம்பி, பெயிண்ட் வாசனையில எனக்குத் தலை சுத்துது. வந்தவங்க என்னதான் சொல்றாங்க? மென்னு முழுங்காமச் சொல்லுங்க."

பஞ்சு கூடத்துப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "வீடு பிடிச்சிருக்கும்மா. சார்தான் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"ஜாஸ்தியா இருக்காராம்."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வேகத்திலேயே, "ஏங்க, இங்க வாங்க!" என்று குரல் கொடுத்தார். பஞ்சு நழுவப் பார்த்தார். வாசலை மறித்து பெயிண்ட் ஏணி நின்றது.

விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரரின் முகம் சுண்டிப்போனது. பச்சைச் சுவரைப் பார்த்தார். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன்யா ஏணியில ஏறப் போறேன்?"



அடுத்து ஆட்கள் வந்தபோது மனைவி அவரைத் தன் தம்பி வீட்டுக்கு இழுத்துப்போனார். போன கையோடு அவர் மைத்துனரின் சுவிட்ச் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தார். இங்கே, வந்த தம்பதி நிதானமாகச் சுற்றிப் பார்த்து, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று சண்டை பிடித்தார்கள். கட்டிலுக்குச் சண்டை வந்துவிட்டால் வீடு விற்ற மாதிரிதான் என்பது பஞ்சுவின் அனுபவம். அந்த வாரமே பேசி முடித்தார்கள்.

துணிச்சல் வந்த பஞ்சு, விற்காமல் கிடந்த வேறொரு வீட்டின் சொந்தக்கார அம்மாவுக்குப் போன் போட்டார். "அம்மா, வந்தவங்க சொன்னதை அப்படியே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பூனை இருக்கே..."

மறுமுனை பொரிந்து தள்ளியது. பஞ்சு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். ஓய்ந்ததும், பூனையைப் பற்றிய மீதியையும் சொன்னார்.