தேவா மச்சான் கையில கொடுத்த கத்தி

தேவா மச்சான், உங்க கத்தி என்கிட்டதான் இருக்கு. போட்டிருக்குற சிலுவாரோட, அதான் கால்சட்டையோட, இடது பாக்கெட்டுல, நீங்க கட்டுன நீலக் கயித்தோட அப்படியே இருக்கு. வலது பக்கம் என்னோட மல்டிடூல். நடக்குறப்ப ரெண்டும் தொடையில இடிக்குது. நீங்க பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீங்க.

மச்சான்னா எங்க அக்காவோட வீட்டுக்காரரு. என்னைவிட ஆறு வயசுதான் மூத்தவரு. கிள்ளான்ல ஒரே பாஸுகிட்ட ரெண்டு பேரும் அஞ்சு வருஷமா கெனோப்பிப் பந்தல் போடுற வேலை செஞ்சோம். கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் திருவிழா, எங்க கூப்பிட்டாலும் லோரியில இரும்புக் கம்பி, கென்வாஸ், நாற்காலி எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிடுவோம். கயிறும் கென்வாஸும் அவரு பொறுப்பு. லைட்டு, ஃபேன், வயரு என் பொறுப்பு. அதனாலதான் அவருக்குக் கத்தி பிடிச்சிது, எனக்கு மல்டிடூல் பிடிச்சிது. இப்பதான் இத இவ்ளோ லேசா சொல்ல வருது. அப்பல்லாம் இதுக்கு தெனம் சண்டை.

அவரு கத்தி சின்னதுதான், மடக்குக் கத்தி. மரக் கைப்பிடி, வேர்வை பட்டு பட்டு கருத்துப் போயிருக்கும். கட்டை விரலால தள்ளுனா டக்குன்னு விரிஞ்சு நிக்கும். கயிறு, கென்வாஸ், கேபிள் டை, பாயாசத்துக்கு வந்த பால் பாக்கெட்டு, எல்லாத்துக்கும் அது ஒன்னுதான். பிரிக்ஃபீல்ட்ஸ்ல தீபாவளிக் கடைங்களுக்குக் கெனோப்பி போடப் போனா, ஒரு டீக்கடையில உக்காந்து டீயக் குடிச்சி முடிச்சிட்டு கப்பக் கவுத்து வெப்பாரு. கப்போட அடியில சொரசொரன்னு ஒரு வட்டம் இருக்கும் பாருங்க, அதுல கத்தியத் தேச்சுத் தேச்சுக் கூராக்குவாரு. கடைக்காரரு, "கப்பு டீ குடிக்கிறதுக்கு தம்பி, சாணை பிடிக்கிறதுக்கு இல்ல"ன்னு கத்துவாரு. மச்சான் தலையத் தூக்காமலே, "டீதான் முடிஞ்சிருச்சே பாய், கப்பு சும்மாதானே இருக்கு"ன்னு சொல்லுவாரு.

என் மல்டிடூல் நான் ஃபோன்ல பாத்து வாங்குனது. பிளையர், வயர் வெட்டுறது, ஸ்குரூடிரைவர் ரெண்டு, குட்டி ரம்பம், கத்தி, எல்லாம் ஒன்னுக்குள்ள ஒன்னு மடங்கியிருக்கும். ஏணி மேல நின்னுக்கிட்டு ஃபேன் மாட்டுறப்ப ஒவ்வொன்னுக்கும் எறங்கி வர வேணாம். மச்சான் விடமாட்டாரு. "சிலுவார் கீழ எறங்குது பாரு, அதுதான் உன் டூலு செய்ற பெரிய வேலை"ன்னு பாஸு முன்னாலயே சொல்லுவாரு. கனம்தான், ஒத்துக்கிறேன். மழையில நனைஞ்சா மடிப்புல துரு பிடிக்கும், மணல் போனா தெறக்காது. அதுல உள்ள கத்திய எடுக்கணும்னா மொதல்ல பிளையர விரிக்கணும், அப்புறம் நகத்தால தோண்டணும். ரெண்டு கை வேணும். அவரு கத்திக்கு ஒரு கை போதும். இத மட்டும் நான் அவருகிட்ட கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

ஒரு நாள் நான் ஜெயிச்சேன். சுங்கை வே பக்கம் ரோட் பிளாக். போலீஸு பாக்கெட்டுல உள்ளத எல்லாம் எடுக்கச் சொன்னாங்க. மச்சான் கத்தியப் பாத்ததும் லோரிய ஓரம் கட்டச் சொல்லிட்டாங்க. ஐசி அடையாளக் கார்ட வாங்கிப் பாத்து, எதுக்கு இதுன்னு கேட்டு, பின்னால கயித்த எல்லாம் அவுத்துக் காட்டச் சொல்லி, ரொம்ப நேரம் ஆச்சு. என் டூல ஒரு தடவ திருப்பிப் பாத்துட்டு, வயர் வேலையான்னு மட்டும் கேட்டாங்க. லோரி கெளம்புனதும், "ரெண்டுலயும்தான் கத்தி இருக்கு மச்சான், உங்களத்தான் ரவுடி, சம்செங்னு நெனைக்கிறாங்க"ன்னு சொன்னேன். அவரு சிரிக்கல. "என் மூஞ்சிக்கு கரண்டி வெச்சிருந்தாலும் நிப்பாட்டுவாங்க லா"ன்னு சொன்னாரு. அப்புறம்தான் சிரிச்சாரு.

இன்னொன்னு சொல்லணும். மச்சான் கத்திய யாரு கையிலயும் கொடுக்க மாட்டாரு. கேட்டா, நாற்காலியிலயோ தரையிலயோ வெப்பாரு, நாமதான் எடுத்துக்கணும். கையில இருந்து கைக்குப் போனா அந்த ரெண்டு பேரோட உறவு அந்துடுமாம், அவரு வீட்டுல அப்படித்தான் பழக்கம். எங்க வீட்டுலயும் சொல்லுவாங்க, ஆனா நாங்க அவ்ளோ பாக்க மாட்டோம். "அப்ப பாஸுக்கு மட்டும் கையிலயே கொடுங்க மச்சான்"னு நான் கேலி பண்ணுவேன்.

அன்னைக்கு சுங்கை பூலோவுல ஒரு நிச்சயதார்த்த வீடு. சாயங்காலம் நாலு மணி இருக்கும், மழைக்கு முன்னால காத்து அடிச்சிது. கயித்தக் கையில சுத்தி இழுக்கக் கூடாதுன்னு இந்த வேலை செய்ற எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கை ஈரமா இருந்துச்சு, வழுக்குதுன்னு வலது கையில ரெண்டு சுத்து சுத்திட்டேன். காத்து கென்வாஸத் தூக்குச்சு பாருங்க, என் கையையும் சேத்து இழுத்துருச்சு. இடது கையால டூல எடுத்து உதறுனேன். பிளையர் விரிஞ்சிது, நகத்தால தோண்டுனா ஸ்குரூடிரைவர் வருது. கத்தி வரல, டூலு கை நழுவிக் கீழ விழுந்துருச்சு. "மச்சான், கை போவுது"ன்னு கத்துனேன்.

அவரு ஒரு கம்பியத் தோள்ல தாங்கிக்கிட்டு நின்னாரு. அத விட்டா, கீழ காய் வெட்டிக்கிட்டு இருந்த ரெண்டு ஆன்டிங்க மேல விழும். வர முடியல. ஒரு கையாலயே கத்தியத் தெறந்து, திருப்பிப் பிடிச்சி, ஒடம்ப வளைச்சி நீட்டி, என் இடது உள்ளங்கையில வெச்சாரு. நான் கயித்த அறுத்தேன். கென்வாஸு பறந்து போயி பக்கத்து வீட்டு மாமரத்துல மாட்டிக்கிச்சு. அந்த ஆன்டிங்களே சிரிச்சாங்க.

மச்சான் மட்டும் என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "கையில கொடுத்துட்டேன்டா"ன்னு மெதுவா சொன்னாரு. "அதெல்லாம் ஒன்னும் இல்ல லா மச்சான்"னு சொன்னேன். "உங்க அக்காகிட்ட சொல்லாத"ன்னாரு. கத்திய மடக்கி என் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். மறுநாள் லோரி சீட்டுல வெச்சிடலாம், அவரு எடுத்துக்கட்டும்னு நெனச்சேன்.

மறுநாள் அவரு வேலைக்கு வரல. காய்ச்சல். மழையில நனைஞ்சதுன்னு நெனச்சோம், மாத்திரை போட்டுக்கிட்டாரு. நாலாவது நாளு ஆஸ்பத்திரியில டெங்கின்னு சொன்னாங்க. ஆறாவது நாளு போயிட்டாரு. அக்காவுக்கு இருபத்தெட்டு வயசு. மச்சானுக்கு முப்பதுதான்.

அவரு சாவுக்கு நான்தான் கெனோப்பி போட்டேன். வேற ஆள அனுப்புறேன்னு பாஸு சொன்னாரு, நான் கேக்கல. அவரு கட்டுற மாதிரியே கயித்துல முடிச்சு போட்டேன். மிச்சக் கயித்த அறுக்க அவரு கத்திய எடுக்க மனசு வரல. என் டூலாலயே நின்னு நின்னு அறுத்தேன். பாக்கெட்டுல இருந்த கத்தி நெருப்பு மாதிரி சுட்டுச்சு. உறவு அந்துடுச்சு, என்னாலதான் அந்துடுச்சுன்னு அதே நெனப்பு. டெங்கிக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சி என்ன பண்றது, தூக்கம் வரணுமே.

பதினாறாம் நாளு படையல் போட்டாங்க. அவரு படத்துக்கு முன்னால அவரு சட்டை, கைக்கடிகாரம், பிடிச்ச நண்டு கறி எல்லாம் அக்கா எடுத்து வெச்சா. அப்புறம் அலமாரி, லோரிப் பை எல்லாத்தையும் கொட்டித் தேடுனா. "அவரு கத்தி எங்கடா? அது இல்லாம அவரு கடைக்குக்கூடப் போக மாட்டாரே"ன்னு கேட்டா. "தெரியலக்கா"ன்னு சொல்லிட்டேன். அவ முட்டி போட்டு கட்டிலுக்கு அடியில கைய விட்டுத் துழாவுனா. அதப் பாக்க முடியல என்னால. பக்கத்துல உக்காந்து கத்திய எடுத்துத் தரையில வெச்சேன். காத்து, கயிறு, கம்பி, அவரு கையில கொடுத்தது, சொல்லாதன்னு சொன்னது, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழுதுக்கிட்டே சொன்னதுல பாதி அவளுக்குப் புரிஞ்சிருக்காது.

அக்கா என் பக்கம் திரும்புனா. "எந்தக் கை?"ன்னு கேட்டா. வலது மணிக்கட்டக் காட்டுனேன். கயிறு அறுத்த தழும்பு இன்னும் செவப்பா இருந்துச்சு. அதுமேல விரல வெச்சிப் பாத்தா. அப்புறம் கத்திய எடுத்து மச்சான் படத்துக்கு முன்னால வெச்சா, சூடம் காட்டுனோம். எல்லாம் முடிஞ்சதும் அத எடுத்து என் பக்கம் நீட்டுனா.

"பிடி."

"கீழ வெச்சிடுக்கா."

"கையில பிடிடா."

நான் கைய நீட்டல. அவளே என் கையப் பிடிச்சி, விரலப் பிரிச்சி, உள்ளங்கையில வெச்சி அழுத்துனா.

"நானும் கொடுத்துட்டேன். நாளைக்கு சாப்பிட வரமாட்டியா நீ?"

"வருவேன்க்கா."

"அப்ப அழாத. சோறு ஆறுது, வா."

மறுநாளும் போனேன். அதுக்கப்புறம் தெனம் போறேன். இப்ப வேலைக்குப் புதுசா வர்ற பையனுங்க கத்தி வாங்கலாமா, மல்டிடூல் வாங்கலாமான்னு கேக்குறாங்க. வயரு வேலைன்னா டூலு வாங்கு, கயித்து வேலைன்னா ஒரு கையால தெறக்குற கத்தி வாங்குன்னு சொல்றேன். நான் ரெண்டையும் வெச்சிருக்கேன். ரோட் பிளாக்ல என்னையும் ஓரம் கட்டுறாங்க, பரவால்ல. டீ குடிச்சா கப்பக் கவுத்து வெச்சி நானும் தேய்க்கிறேன், அவரு அளவுக்குக் கூரு வரல.

இதப் படிச்சவங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேக்குறேன். கோயிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ, நீங்க எங்க கும்பிட்டாலும் சரி, அடுத்த தடவ கும்பிடுறப்ப கிள்ளான் தேவான்னு ஒரு தடவ மனசுல சொல்லுங்க. எங்க மச்சான் நல்லபடியா இருக்கணும்னு வேண்டிக்குங்க.